இடம் போனது, கடற்படையும் போனது: சிராகூஸ் பெருந்துறைமுகம், கிமு 413

கடைசிச் சண்டை முடிந்த அன்று மாலை, ஏதென்ஸ் தரப்பில் மிதக்கக்கூடிய கப்பல்கள் சுமார் 60 இருந்தன. வென்ற சிராகூஸிடம், ஏதென்ஸ் பிடிக்க வந்த சிசிலித் தீவு நகரத்திடம், 50-க்கும் குறைவு. தோற்றவனிடம் கப்பல் அதிகம். தளபதி டெமோஸ்தனீஸ் இந்தக் கணக்கைச் சொல்லி, விடியும்போது மறுபடி ஏறி முட்டிப்பார்ப்போம் என்றார். தலைமைத் தளபதி நிக்கியாஸும் ஒப்புக்கொண்டார். துடுப்புக்காரர்கள் கப்பலில் ஏற மறுத்துவிட்டார்கள். கிரேக்க உலகில் கடலைத் தன் வீட்டு முற்றம்போல வைத்திருந்த நகரத்தின் மாலுமிகள், எண்ணிக்கை தங்கள் பக்கம் இருந்தும் கடலுக்கு முதுகைக் காட்டினார்கள். அவர்களை அந்த நிலைக்குக் கொண்டுவந்தது என்ன என்பதுதான் இங்கே கேள்வி.

வழக்கமாகச் சொல்லப்படும் பதில், சந்திர கிரகணத்துக்குப் பயந்து நிக்கியாஸ் கிளம்பாமல் இருந்துவிட்டார் என்பது. அது நடந்தது உண்மை. ஆனால் கிரகணத்தின் மேல் மொத்தப் பழியையும் போட்டால், அதற்கு முன் ஒன்பது பத்து மாதங்களாக அந்தக் கடற்படைக்குள் நடந்துகொண்டிருந்த சீரழிவு கண்ணில் படாமல் போகும். எண்களும் வரிசையும் பெரும்பாலும் அக்கால வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதிவைத்தவை. அவரே ஏதென்ஸின் தளபதியாக இருந்தவர். கப்பலின் உறுப்புகளைப் பெயர் சொல்லி எழுதத் தெரிந்தவர்.

கப்பல் எப்படிப்பட்டது

முவ்வரிசைக் கப்பலை (டிரைரீம்) முதலில் புரிந்துகொள்ள வேண்டும். ஏதென்ஸ் கப்பலில் துடுப்புக்காரர்கள் 170 பேர்: மேல் வரிசையில் 62, நடுவில் 54, அடியில் 54. ஒருவருக்கு ஒரு துடுப்பு; நீளம் ஒன்பது முழம் அல்லது ஒன்பதரை முழம், அதாவது நாலு மீட்டரைச் சற்றே தாண்டும். மேல்தளத்தில் கவசவீரர் 10, வில்லாளர் 4. மீகாமன் (கப்பலைச் செலுத்துபவர்), துடுப்புத் தாளம் சொல்பவர், குழலூதுபவர், பாய் ஆட்கள் என மீதியையும் சேர்த்தால் ஆள் கணக்கு 200. இந்தக் கப்பலின் மறுவடிவமாக 1987-இல் கிரேக்கத்தில் கட்டிய 'ஒலிம்பியாஸ்' 36.9 மீட்டர் நீளம், 5.5 மீட்டர் அகலம். பயிற்சி குறைந்த தன்னார்வலர்களை வைத்தே அது மணிக்கு ஒன்பது கடல்மைல் வேகம் தொட்டது. ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் திரும்பி வந்த திசையைப் பார்த்தது.

நீளமும் லேசும்தான் இதன் பலம். மேல் வரிசைத் துடுப்புகள் உடலுக்கு வெளியே நீட்டிய ஒரு சட்டத்தில் உட்காரும். அந்தச் சட்டத்தின் முன்முனையில், அணியத்தின் (கப்பலின் முன்பகுதி) இரு பக்கமும், குறுக்குக் கட்டை ஒன்று காதுபோல் நீட்டிக்கொண்டிருக்கும். கிரேக்கர்கள் அதைக் காது என்றே அழைத்தார்கள். காதுக்கட்டை என்று வைத்துக்கொள்வோம். கதையின் பாதி அதில்தான் இருக்கிறது.

ஏதென்ஸின் சண்டை முறை இரண்டு. ஒன்று, எதிரி வரிசையின் இடைவெளிக்குள் புகுந்து மறுபக்கம் வந்து, சட்டென்று திரும்பி அவன் பக்கவாட்டிலோ பின்னாலோ வெண்கல முட்டுமுனையால் இடிப்பது. மற்றது, வரிசையின் ஓரத்தைச் சுற்றிவந்து இடிப்பது. இரண்டுக்கும் திறந்த கடல் வேண்டும். இடித்த பிறகு பின்துடுப்புப் போட்டு விலகவும் இடம் வேண்டும். விலகாவிட்டால் இடித்தவனும் சிக்கிக்கொள்வான். கிமு 429-இல் போர்மியோ என்ற ஏதென்ஸ் தளபதி கொரிந்து வளைகுடாவின் வாயிலில் 20 கப்பல்களோடு 47 கப்பல்களைச் சந்தித்தார். எதிரிகள் அணியங்களை வெளிப்பக்கம் காட்டி வட்டமாக நின்றார்கள். அவர் வட்டத்தை உரசுவதுபோலச் சுற்றிச்சுற்றி வந்து அதைச் சுருக்கினார். விடிகாலைக் காற்று எழும்வரை காத்திருந்தார். காற்று வந்ததும் எதிரிக் கப்பல்கள் ஒன்றோடொன்று முட்டிக் குழம்பின. பாய்ந்து 12 கப்பல்களைப் பிடித்தார். அன்று இடம், நேரம், காற்று மூன்றையும் தேர்ந்தெடுத்தவர் அவர். சிராகூஸில் இந்த மூன்றில் ஒன்றுகூட ஏதென்ஸின் கையில் இல்லை.

நனைந்த மரம்

கிமு 415-இல் ஏதென்ஸும் நட்பு நகரங்களும் சிசிலிக்கு அனுப்பியவை 134 முவ்வரிசைக் கப்பல்கள், இரண்டு ஐம்பது-துடுப்புக் கப்பல்கள், 5,100 கவசவீரர்கள். துடுப்புக்காரனுக்கு நாளொன்றுக்கு ஒரு திராக்மா கூலி. படை புறப்பட்டபோது இருந்த மெருகு அதன் பிறகு திரும்பவே இல்லை. மூன்று தளபதிகளில் அல்கிபியாடீஸ் விசாரணைக்கு அழைக்கப்பட்டு, வழியிலேயே தப்பி, ஏதென்ஸின் பகை நகரமான ஸ்பார்டாவிடம் போய்ச் சேர்ந்தார். லாமாகஸ் கிமு 414-இல் களத்தில் இறந்தார். மிஞ்சியவர் நிக்கியாஸ், அதுவும் நோயாளியாக. அந்தக் கோடையில் ஸ்பார்டாவின் கிலிப்பஸ் வந்து இறங்கினார். ஏதென்ஸ் கட்டிக்கொண்டிருந்த முற்றுகைச் சுவருக்குக் குறுக்கே எதிர்ச்சுவர் எழுந்தது. முற்றுகை போட வந்தவர்கள் தாங்களே முற்றுகைக்குள் இருப்பதுபோல ஆனார்கள்.

அந்தக் குளிர்காலத்தில் நிக்கியாஸ் ஏதென்ஸுக்கு எழுதிய கடிதம், கடற்படை எதனால் கெடுகிறது என்பதற்கு ஒரு பாடம். அதன் சாரம் இது. கப்பல்கள் நெடுநாளாக நீரில் கிடந்து மரம் ஊறிவிட்டது. அவற்றைக் கரையேற்றிக் காயவைக்க முடியவில்லை. எதிரியிடம் சமமான அல்லது கூடுதலான கப்பல்கள் இருக்கின்றன, எந்நேரமும் வருவான் என்ற நிலை. எதிரிக்கு அந்தத் தொல்லை இல்லை, அவன் யாரையும் காவல் காக்க வேண்டியதில்லை, வேண்டியபோது கரையேற்றிக் காயவைக்கிறான்.

லேசான மரக் கப்பலை அடிக்கடி கரையேற்றுவது ஆடம்பரம் கிடையாது. நீர் ஊறிய உடல் கனக்கும், வேகம் குறையும், திரும்ப நேரமெடுக்கும். இணைப்புகளில் கசியும். கப்பற்புழு துளைக்கும். கரையேற்றினால்தான் காய வைக்கலாம், ஓட்டையை அடைக்கலாம், கீல் பூசலாம். வேகத்தை நம்பிக் கட்டிய கப்பலுக்கு வேகம் போனால், மிச்சம் இருப்பது உறுதியில்லாத ஒரு மரக்கூடு மட்டுமே.

ஆட்களும் அப்படியே கரைந்தார்கள். விறகுக்கும் தண்ணீருக்கும் தூரம் போன மாலுமிகளைக் குதிரைவீரர்கள் வெட்டினார்கள். அடிமைகள் ஓடிப்போனார்கள். கூலிக்கு வந்த வெளியூர்க்காரர்கள் வாய்ப்புக் கிடைத்ததும் நழுவினார்கள். சிலர் தங்களுக்குப் பதிலாக, சிசிலி ஊரான ஹிக்காராவில் பிடிபட்ட அடிமைகளைக் கப்பலில் ஏற்றிவிட்டார்கள். கப்பலைக் கிளப்பி, துடுப்பின் தாளத்தைக் கடைசிவரை காக்கத் தெரிந்தவர்கள் எந்தக் குழுவிலும் கொஞ்சம்பேர்தான், குழுவின் உச்சம் குறுகிய காலமே நிற்கும் என்று நிக்கியாஸே எழுதுகிறார். 170 பேரில் பத்துப் பேர் தாளம் தவறினாலே பக்கத்துத் துடுப்புகள் சிக்கிக்கொள்ளும்.

பிளெம்மிரியான் விழுந்த காலை

பெருந்துறைமுகத்தின் வாயிலில் வடக்கே ஓர்டிஜியா, சிராகூஸின் பழைய நகரம் இருக்கும் தீவு. தெற்கே பிளெம்மிரியான் முனை. வாயில் அகலம் ஒரு கிலோமீட்டரைக் கொஞ்சம் தாண்டும். அந்த முனையில் நிக்கியாஸ் மூன்று கோட்டைகள் கட்டிச் சரக்கை எல்லாம் அங்கே வைத்தார். பார்வைக்கு நல்ல முடிவு: வாயில் கையில் இருக்கும், சரக்குக் கப்பல்கள் தொல்லையில்லாமல் வரும். ஆனால் அங்கே தண்ணீர் குறைவு, விறகு தூரம். மாலுமிகள் வெட்டுப்பட்டது பெரும்பாலும் இந்த ஓட்டத்தில்தான்.

கிமு 413 வசந்தத்தில் கிலிப்பஸ் இரு முனைகளில் ஒரே நேரம் அடித்தார். பெருந்துறைமுகத்துக்குள்ளிருந்து 35 கப்பல்கள், சிறுதுறைமுகத்திலிருந்து சுற்றிவந்த 45 கப்பல்கள். ஏதென்ஸ் 60 கப்பல்களை இறக்கியது. 25 உள்ளே, மற்றவை வாயிலுக்கு. கோட்டைக் காவலர்கள் கடற்சண்டையைப் பார்க்கக் கரைக்கு இறங்கினார்கள். இரவிலேயே தரைப்படையோடு நடந்து வந்திருந்த கிலிப்பஸ், விடிகாலையில் மூன்று கோட்டைகளையும் பிடித்தார். கடலில் ஏதென்ஸ் வென்றது; சிராகூஸ் கப்பல்கள் வாயிலுக்குள் நுழையும்போது வரிசை குலைந்து தங்களுக்குள்ளேயே முட்டிக்கொண்டு 11 கப்பல்களை இழந்தன. ஏதென்ஸ் இழந்தது மூன்று.

வெற்றி என்று கல்நட்டாயிற்று. ஆனால் கோட்டைகளோடு 40 கப்பல்களுக்கான பாய்களும் கயிறு முதலிய சாமான்களும், கரையேற்றி வைத்திருந்த மூன்று முவ்வரிசைக் கப்பல்களும் போயின. அதற்குப் பிறகு ஒவ்வொரு சரக்குக் கப்பலும் சண்டைபோட்டுத்தான் உள்ளே வர வேண்டும். என் கணிப்பில் சிசிலிப் போர் முடிவானது அந்தக் காலையில். பிறகு வந்ததெல்லாம் கடனுக்கு வட்டி.

இடையில் துறைமுகத்துக்குள் சில்லறைச் சண்டைகளும் நடந்தன. சிராகூஸ் தன் பழைய கப்பற்கொட்டகைகளுக்கு முன்னால் கடலில் கழிகளை நட்டிருந்தது. பத்தாயிரம் தாலந்து (பழைய எடை அளவு) சுமை கொள்ளும் பெரிய கப்பல் ஒன்றில் மரக் கோபுரமும் மறைப்பும் கட்டி ஏதென்ஸ் கொண்டுவந்தது. படகிலிருந்தபடி கழிகளுக்குக் கயிறு கட்டி இழுத்தார்கள், முறித்தார்கள். நீர்மட்டத்துக்குக் கீழே மறைத்து நட்டவைதான் ஆபத்து. பார்க்க முடியாது, பாறையில் ஏறினதுபோல் கப்பல் மாட்டும். அவற்றைக் கூலிக்கு மூழ்குபவர்கள் அடியில் போய் ரம்பத்தால் அறுத்தார்கள். சிராகூஸ் திரும்ப நட்டது.

காதுக்கட்டைக்குக் கனம் கூட்டினார்கள்

இதே ஆண்டில் கொரிந்து வளைகுடாவின் எரினியஸ் கரையோரம் ஒரு சிறிய சண்டை நடந்தது. ஏதென்ஸ் 33 கப்பல்கள், சிராகூஸின் நட்பு நகரமான கொரிந்து அதைவிடச் சற்றுக் குறைவு. கொரிந்து மூன்று கப்பல்களை இழந்தது. ஏதென்ஸ் ஒன்றைக்கூட மூழ்க இழக்கவில்லை. ஆனால் ஏழு கப்பல்கள் பயனற்றுப் போயின. கொரிந்துக்காரர்கள் காதுக்கட்டைகளைத் தடிப்பாக்கியிருந்தார்கள். நேருக்கு நேர் மோதியபோது அந்தக் கட்டை ஏதென்ஸ் கப்பலின் வெளிச்சட்டத்தின் முனையில் விழுந்து அதை உரித்தெடுத்தது. சட்டம் போனால் மேல் வரிசைத் துடுப்புகள் போயின. கப்பல் மிதக்கும், ஓடாது. பெரிதாகத் தோற்காததே வெற்றி என்று கொரிந்து நினைத்தது; பெரிதாக வெல்லாததே தோல்வி என்று ஏதென்ஸ் நினைத்தது.

சிராகூஸ் அதே வழியில் தன் கப்பல்களின் அணியத்தைக் குட்டையாக்கிக் கெட்டிப்படுத்தியது. காதுக்கட்டைகளைக் கனமாக்கி, அவற்றிலிருந்து கப்பலின் பக்கச் சுவருக்கு உள்ளேயும் வெளியேயும் ஆறு முழ நீளத்தில் முட்டுக்கட்டைகள் கொடுத்தது. மோதும் விசை ஒரே இடத்தில் நிற்காமல் உடல் முழுக்கப் பரவ வேண்டும் என்பதுதான் நோக்கம். ஏதென்ஸ் கப்பலின் அணியம் மெலிந்தது. அது நேர் மோதலுக்குக் கட்டப்படவில்லை. மீகாமனுக்குத் திறமை போதாதபோது செய்யும் அசட்டுத்தனம் என்று முன்பு இகழப்பட்ட நேர் மோதல், இந்தத் துறைமுகத்தில் முதல் தர உத்தியாக மாறியது. ஊடுருவ இடைவெளி இல்லை, சுற்றிவர அகலம் இல்லை.

பின்வாங்குவதில் இருந்த ஏற்றத்தாழ்வையும் சிராகூஸ் கணக்கில் எடுத்தது. துறைமுகக் கரையின் பெரும்பகுதி அவர்களிடம். ஏதென்ஸ் கப்பல்கள் பின்துடுப்புப் போட்டால் தங்கள் பாசறையின் சின்னக் கரைத்துண்டை நோக்கித்தான் போக முடியும். எல்லாக் கப்பலும் ஒரே மூலைக்குச் சேர்ந்தால் தங்களுக்குள் முட்டும்.

முதல் நாள், 80 சிராகூஸ் கப்பல்களும் 75 ஏதென்ஸ் கப்பல்களும் வெறும் பரீட்சையாக மோதின. மறுநாள் சண்டை இல்லை. நிக்கியாஸ் அந்த நாளைப் பயன்படுத்தினார்: பாசறைக்கு முன் கடலில் நட்டிருந்த வேலிக்கு வெளியே சரக்குக் கப்பல்களை இரண்டு பிளெத்ரா, அதாவது சுமார் 60 மீட்டர் இடைவெளியில் நங்கூரமிட்டு நிறுத்தினார். நெருக்கப்பட்ட கப்பல் அந்த இடைவெளியில் உள்ளே வந்து ஆசுவாசப்பட்டுத் திரும்பலாம். சரக்குக் கப்பல்களின் பருமல்களில் (பாய் கட்டும் குறுக்குக் கட்டைகள்) டால்பின் வடிவ உலோகக் குண்டுகள் தொங்கின. கீழே வரும் எதிரிக் கப்பலுக்குள் விழவிட்டால் அடிப்பலகையைத் துளைத்துவிடும்.

மூன்றாம் நாள் நடந்ததை நிர்ணயித்தது சோறு. கொரிந்துக்காரர் அரிஸ்டான், அந்தப் படையிலேயே சிறந்த மீகாமன், சிராகூஸ் தளபதிகளுக்கு ஒன்று சொன்னார்: கடைக்காரர்களை நகரத்திலிருந்து கரைக்கு வரச்சொல்லுங்கள், கையிலிருக்கும் உணவை எல்லாம் அங்கே விற்கச் செய்யுங்கள். காலைச் சண்டை இழுபறியாகிக் கொண்டிருக்க, சிராகூஸ் கப்பல்கள் பின்னோக்கி நகரக் கரைக்கு வந்தன. ஆட்கள் அங்கேயே சாப்பிட்டார்கள். ஏதென்ஸ்காரர்கள் இன்றைக்கு வேலை முடிந்தது என்று இறங்கிச் சமையலைப் பார்த்தார்கள். சிராகூஸ் மறுபடி பாய்ந்தது. பெரும்பாலானோர் பட்டினியோடு கப்பலேறினார்கள். காத்து நிற்பது தங்களைத்தான் களைக்க வைக்கும் என்று அவர்களே முன்னேறித் தாக்கினார்கள். கெட்டியான அணியங்கள் வெளிச்சட்டங்களை உரித்தன. மேல்தளத்து ஈட்டியெறிவோர் துடுப்புக்காரர்களைக் குத்தினார்கள். எல்லாவற்றையும்விடத் தொல்லை கொடுத்தவை சின்னப் படகுகள். துடுப்புகளுக்கு அடியில் நுழைந்து பக்கவாட்டிலிருந்து ஈட்டி எறிந்தன. ஏழு கப்பல்கள் மூழ்கின, பல சிதைந்தன. துரத்திவந்த இரண்டு சிராகூஸ் கப்பல்கள் அளவு மீறி நெருங்கி டால்பின்களில் மாட்டி அழிந்தன. ஏதென்ஸுக்கு அன்று கிடைத்த ஆறுதல் அதுவொன்றே.

கிரகணமும் வாயில் அடைப்பும்

இந்த நிலையில்தான் தளபதிகள் டெமோஸ்தனீஸும் யூரிமெடானும் ஏதென்ஸிலிருந்து உதவிக்கு 73 கப்பல்களோடும் சுமார் 5,000 கவசவீரர்களோடும் வந்தார்கள். நகரத்துக்கு மேலிருந்த எபிபோலே மேட்டின் மேல் இரவுத் தாக்குதல் குழப்பத்தில் தோற்றது. டெமோஸ்தனீஸ் உடனே கிளம்பலாம் என்றார், அதுவே சரியான யோசனை. நிக்கியாஸ் தயங்கினார். ஒருவழியாக ஒப்புக்கொண்டு கிளம்பும் வேளையில், ஆகஸ்ட் 27 இரவு முழுநிலவு கிரகணம் பிடித்தது. குறிசொல்பவர்கள் மூன்று ஒன்பது, அதாவது 27 நாள் பொறுங்கள் என்றார்கள், நிக்கியாஸ் பொறுத்தார்.

அந்த நாட்களை சிராகூஸ் துடுப்புப் பயிற்சிக்குச் செலவிட்டது. பிறகு 76 கப்பல்களோடு 86 கப்பல்களைச் சந்தித்தது. வலது ஓரத்தில் இருந்த யூரிமெடான் பழைய வழக்கப்படி எதிரியைச் சுற்றிவளைக்கக் கரையோரமாக வரிசையை நீட்டினார். நடுப்பகுதி உடைந்தது, துறைமுகத்தின் உள்வளைவில் அவர் தனியாக மாட்டி இறந்தார். 18 கப்பல்கள் பிடிபட்டன, அவற்றின் ஆட்கள் எல்லாரும் கொல்லப்பட்டார்கள். திறந்த கடலில் பழுதில்லாத அந்த உத்தி, துறைமுகத்துக்குள் தளபதியையே பலிகொடுத்தது.

அடுத்து சிராகூஸ் வாயிலை அடைத்தது: முவ்வரிசைக் கப்பல்கள், சரக்குக் கப்பல்கள், படகுகள் எல்லாவற்றையும் பக்கவாட்டாகத் திருப்பி நங்கூரமிட்டார்கள்.

ஏதென்ஸ் இப்போது கிடைத்த ஆளையெல்லாம் ஏற்றி 110 கப்பல்களை இறக்கியது. நேர் மோதலைத் தவிர்க்க முடியாது என்பதால், இடித்த எதிரிக் கப்பலைப் பின்வாங்கவிடாமல் பிடிக்க இரும்புக் கொக்கிகள் எறிவது, பிறகு மேல்தளத்திலிருந்து வீரர்கள் சண்டையிடுவது என்று திட்டம். திறந்த கடலில் இத்தனை வில்லாளர்களையும் ஈட்டியாட்களையும் மேலே ஏற்றினால் கனம் கப்பலின் திறமையைக் கெடுக்கும் என்று நிக்கியாஸே ஒத்துக்கொள்கிறார். ஆனால் இது கப்பல் மேல் நடக்கும் தரைச்சண்டை. கொக்கித் திட்டம் சிராகூஸுக்குத் தெரிந்துபோனது. அணியத்திலும் மேல்பகுதியின் பெரும்பரப்பிலும் தோல்களைப் போர்த்தினார்கள்; கொக்கி வழுக்க வேண்டும் என்பதற்காக.

சிராகூஸ் தன் சுமார் 76 கப்பல்களில் ஒரு பகுதியை வாயிலில் நிறுத்தி, மீதியைத் துறைமுகம் சுற்றிப் பரப்பியது. ஏதென்ஸின் முதல் பாய்ச்சல் அடைப்பைத் தொட்டு அங்கிருந்த கப்பல்களை ஒதுக்கியது. கட்டுகளை அவிழ்க்கத் தொடங்கினார்கள். அதற்குள் எல்லாப் பக்கத்திலிருந்தும் எதிரி வந்துவிட்டான். ஏறக்குறைய இருநூறு கப்பல்கள், துடுப்பு விரித்தால் ஒவ்வொன்றும் பத்து மீட்டருக்கு மேல் அகலம். வேகம் எடுத்து இடிக்கும் சந்தர்ப்பங்கள் குறைவு. தற்செயலாக மோதியவையே அதிகம். ஒரு பக்கம் இடித்த கப்பலை இன்னொரு பக்கம் வேறொன்று இடித்தது. ஒரே கப்பலை இரண்டு மூன்று கப்பல்கள் சூழ்ந்தன. சத்தத்தில் தாளம் சொல்பவர் குரல் துடுப்புக்காரர்களுக்கு எட்டவில்லை. தாளம் கேட்காத முவ்வரிசைக் கப்பல் வெறும் கட்டை. நெடுநேரம் ஒரு முடிவும் இல்லாமல் நடந்து, கடைசியில் ஏதென்ஸ் கப்பல்கள் கரையை நோக்கி ஓடின; ஆட்கள் பாசறைக்குள் பாய்ந்தார்கள்.

அன்றிரவு கிளம்பியிருந்தால் தரைவழி ஓரளவு திறந்தே இருந்தது. வழிகள் காக்கப்படுகின்றன என்ற பொய்ச்செய்தியை நம்பி அவர்கள் அன்றிரவும் மறுநாளும் தங்கினார்கள். அதற்குள் வழிகள் உண்மையிலேயே அடைக்கப்பட்டன. நாற்பதாயிரத்துக்குக் குறையாதவர்கள் என்று துசிடிடீஸ் சொல்லும் கூட்டம் நடந்தே கிளம்பி, சில நாட்களில் சிதறிப் பிடிபட்டது. நிக்கியாஸும் டெமோஸ்தனீஸும் கொல்லப்பட்டார்கள். 7,000-க்குக் குறையாத கைதிகள் கல்குவாரிகளில் அடைக்கப்பட்டார்கள்.

புறப்படும் முன் எல்லாக் கப்பல்களையும் எரித்துவிட நினைத்திருந்தார்கள். சிலவற்றை மட்டுமே எரிக்க முடிந்தது. மற்றவற்றைக் கரையில் கிடந்த கிடையிலேயே சிராகூஸ்காரர்கள் யாரும் தடுக்காமல் ஒவ்வொன்றாகக் கயிறு கட்டி நகரத்துக்கு இழுத்துப் போனார்கள்.